கடலோர நகரச் சுற்றுலாவில் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர நகரத்துக்கு விடுமுறை போகும்போது வரும் பணப் பிரச்சினைகள் எந்த ஊர்ப் பயணத்திலும் வருபவைதான். ஒன்று மட்டும் வேறு: பகலில் பாதி நேரம் உடம்பில் பாக்கெட்டே இருக்காது. நீங்கள் தண்ணீரில், பை மணலில். எவ்வளவு பணம் வைத்திருக்கிறோம் என்று யோசிக்கும் நேரத்தில், அது இப்போது எங்கே இருக்கிறது என்று யோசித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தப் பதில்கள் வெளிநாட்டுப் பயணத்தை மனத்தில் வைத்து எழுதியவை. சொந்த நாட்டுக்குள் போகிறவர்கள் பணமாற்றம் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம்.

ரொக்கம் எவ்வளவு, கார்டு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஹோட்டல், பெரிய உணவகம், சூப்பர் மார்க்கெட், அருங்காட்சியகம் இவற்றுக்கெல்லாம் கார்டு போதும். ரொக்கம் கேட்பது கரைதான். குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுபவர், சின்னப் படகுக்காரர், கட்டணக் கழிப்பறை, நாணயம் போட்டால் திறக்கும் ஷவர், லாக்கர். இவற்றில் பல இடங்களில் கார்டு மெஷின் இருக்காது. இருந்தாலும் சிக்னல் இல்லை என்பார்கள்.

அதனால் மொத்தச் செலவைப் போட்டு சதவீதம் பிரிக்காமல், கரையில் கழிக்கப்போகும் நாட்களை எண்ணுங்கள். ஒரு நாள் சில்லறைச் செலவு ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்து அதை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஒரு முழு நாளை ரொக்கத்திலேயே ஓட்டும் அளவு தனியாக ஒரு கவரில். மழையும் காற்றும் அடித்து ஊர் முழுக்க மெஷின்கள் படுத்துக்கொள்ளும் நாளில் அந்தக் கவர்தான் சோறு போடும்.

கார்டு இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வங்கியுடையதாக இருந்தால் இரண்டு இருந்தும் ஒன்று இருப்பது போலத்தான். வங்கியின் கணினி விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். ஒன்று விசா, மற்றொன்று மாஸ்டர்கார்டு என்று இருப்பது இன்னும் நல்லது.

பணத்தை எங்கே மாற்றுவது? கிளம்பும் முன்பா, விமான நிலையத்திலா, அங்கே போயா?

இறங்கியதும் டாக்ஸிக்கும் தண்ணீருக்கும் வேண்டிய அளவை மட்டும் கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். மீதியை அங்கே ஏடிஎம்மில் எடுப்பதுதான் பெரும்பாலும் லாபம். விமான நிலையக் கவுண்டரும் கடற்கரைச் சாலையில் பளபளவென்று விளக்கு போட்ட கவுண்டரும் வாடகையை உங்களிடமிருந்துதான் எடுக்கின்றன.

'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கமிஷன் வாங்காதவர் விகிதத்தில் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கவுண்டரிலும் இரண்டு விகிதம் எழுதியிருக்கும்: அவர் வாங்கும் விலை, விற்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவருடைய சம்பாத்தியம். இடைவெளி குறுகலாக இருந்தால் கடை பரவாயில்லை, அகலமாக இருந்தால் நடையைக் கட்டுங்கள். இதைப் பார்க்க அன்றைய விகிதம்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பணத்தை நீட்டும் முன், 'இவ்வளவு கொடுத்தால் எனக்குக் கையில் எவ்வளவு வரும்?' என்று கேட்டு, அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டும் எண்ணைப் பார்த்துவிடுங்கள். எல்லாக் கட்டணமும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

தெருவில் வந்து கூடுதல் விகிதம் தருகிறேன் என்று கேட்பவர்களிடம் மாற்றலாமா?

வேண்டாம். நோட்டை எண்ணும்போது மடித்து எண்ணுவது, கள்ள நோட்டைச் செருகுவது, புழக்கத்தில் இல்லாத பழைய நோட்டைத் தள்ளிவிடுவது எல்லாம் பழைய வித்தைகள்.

ஏடிஎம்மில் எதைக் கவனிக்க வேண்டும்?

வங்கிக் கிளையின் சுவரில் பதிந்திருக்கும் ஏடிஎம்மைத் தேடுங்கள். கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார்கள், அதனால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போவது இன்னும் நல்லது. கடலோர உலாவும் பாதையில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் மெஷின்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியை நம்பியே வைக்கப்பட்டவை. கட்டணம் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும்.

கட்டணம் இரண்டு பக்கம் விழும். அந்த மெஷினின் சொந்தக்காரர் எடுப்பது ஒன்று, அது திரையில் தெரியும். உங்கள் வங்கி எடுப்பது இன்னொன்று, அது வீட்டுக்கு வந்தபின் தெரியும். ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று இருப்பதால், மூன்று தடவை சிறிது சிறிதாக எடுப்பதைவிட ஒரு தடவை சேர்த்து எடுப்பது நல்லது. எடுத்ததை அப்படியே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் கார்டு வேலை செய்யும்படி வங்கி ஆப்பில் அனுமதியைத் திறந்துவிட வேண்டும், தினசரி வரம்பையும் பார்க்க வேண்டும். பல வங்கிகள் இதைப் பாதுகாப்புக்காக மூடியே வைத்திருக்கும். பின் எண் நான்கு இலக்கமாக இருந்தால் எங்கும் சிக்கல் வராது.

கார்டு மெஷினில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் செலுத்துகிறீர்களா?' என்று கேட்கிறது. என்ன சொல்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் அதே.

நடப்பது இது. சாப்பிட்டு முடித்து பில் வருகிறது, சர்வர் மெஷினை நீட்டுகிறார். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் உள்ளூர்த் தொகை, மற்றொன்றில் உங்களுக்குப் பழக்கமான பணத்தில் ஒரு தொகை. பழக்கமானதைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும், மெஷினைச் செய்தவர்களுக்கும் அது தெரியும். அந்தப் பொத்தானை அழுத்தினால், பணத்தை மாற்றித் தரும் வேலை உங்கள் கார்டு நிறுவனத்திடமிருந்து கடைக்காரருடைய மெஷின் நிறுவனத்துக்குப் போய்விடும். விகிதத்தை அவர்களே முடிவு செய்வார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, உள்ளூர்ப் பணம் ஒன்றுக்கு உங்கள் பணம் பத்து என்று வைத்துக்கொள்வோம். பில் 200. நியாயமாக 2,000 ஆக வேண்டும், உங்கள் வங்கி 2 சதவீதம் எடுத்தால் 2,040. அந்தத் திரையில் 2,120 என்று நிற்கும். பக்கத்திலேயே 'விகிதம் உறுதி செய்யப்பட்டது' என்று ஆறுதலாக ஒரு வரியும் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பிறகும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று தனிக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு.

தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைப் பணம் செலுத்தும் முன் காட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சர்வர் உங்களுக்கு உதவுவதாக நினைத்துத் தானே அழுத்திவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், அவருக்கே அதன் அர்த்தம் பலசமயம் தெரிந்திருக்காது.

ஏடிஎம்மில் கேள்வி வேறு மாதிரி வரும்: 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?' மறுத்தால் பணம் வராதோ என்று பயமாக இருக்கும். பணம் வரும். மறுப்பது அந்த விகிதத்தை மட்டும்தான், பணத்தை அல்ல.

கார்டில் செலுத்தினால் கூடுதல் கட்டணம் என்கிறார்கள். சரியா?

நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண வாடிக்கையாளர்களின் விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்க 2018 ஜனவரி முதல் தடை இருக்கிறது. வேறு சில நாடுகளில் அனுமதி உண்டு, முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஊரின் நியதியை முதல் நாளே தெரிந்துகொண்டால் வாக்குவாதம் மிச்சம்.

ஹோட்டலில் நான் செலுத்தாத தொகை பிடித்திருக்கிறார்களே?

அது பிடிப்பு, செலவு அல்ல. அறையில் எதையாவது உடைத்தாலோ மினிபாரில் எடுத்தாலோ இருக்கட்டும் என்று, உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பூட்டி வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் உங்கள் வரம்பிலிருந்து அவ்வளவு குறையும். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கில் உள்ள நிஜப் பணமே முடங்கும். அறையைக் காலி செய்த அன்றே ஹோட்டல் விடுவித்தாலும், உங்கள் வங்கி அதைத் திறக்கப் பல நாள் எடுக்கலாம். பயணம் முடியும் தறுவாயில் கணக்கில் பணம் இருந்தும் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது.

ஆகவே பிடிப்புகளுக்குக் கிரெடிட் கார்டு, ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். உள்ளே நுழையும்போதே எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். கிளம்பும்போது, பிடித்ததைத் தனியாக விட்டுவிட்டு புதிதாக இன்னொரு தடவை முழுத் தொகையையும் எடுக்காமல், பிடித்ததிலிருந்தே பில்லைக் கழிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒருமுறை தெரியாமல் போனது. நான்கு நாள் அறை வாடகை இரண்டு முறை முடங்கி, கடைசி இரண்டு நாளும் ரொட்டி வாங்கித் தின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது.

வாடகைக் காருக்கும் இதே கதை, தொகை இன்னும் பெரியது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். ஸ்கூட்டர், ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடுபவர்கள் சிலர் ஈட்டுக்குப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். ரொக்க ஈடு கொடுங்கள், அல்லது அடுத்த கடைக்குப் போங்கள். எடுக்கும்முன் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, ஒரு வீடியோ. ஏற்கனவே இருந்த கீறலுக்கு யாரும் உங்களிடம் காசு கேட்காமல் இருக்க அந்த ஒரு நிமிட வீடியோ போதும்.

கடற்கரைக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

அந்த அரை நாளுக்கான ரொக்கம், ஒரு கார்டு. அவ்வளவுதான். இரண்டாவது கார்டு, பாஸ்போர்ட், மீதிப் பணம் எல்லாம் அறையின் பெட்டகத்தில். பெட்டகத்தில் வைத்ததும் கதவை மூடி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மூடாத பெட்டகம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குப் போகாமல் முறை வைத்துக்கொள்வது சிறந்த வழி. தனியாகப் போகிறவருக்கு லாக்கர், அதுவும் இல்லையென்றால் கழுத்தில் தொங்கும் நீர்புகாப் பை. அந்தப் பையை நம்பும் முன் அறையிலேயே சோதியுங்கள்: உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மட்டும் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் ஈரமாகாவிட்டால் பணமும் ஆகாது. அப்புறம் மூடும் விளிம்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், ஒவ்வொரு முறையும் விரலால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

சன்ஸ்கிரீன் டப்பாவைக் காலி செய்து அதில் பணத்தை ஒளித்து வைப்பது, செருப்புக்குள் செருகுவது, துண்டுக்கு அடியில் புதைப்பது போன்ற யோசனைகள் ஊருக்கு ஊர் உலவுகின்றன. பையையே தூக்கிக்கொண்டு போகிறவன் டப்பாவைத் திறந்து பார்க்க மாட்டான், மொத்தமாகத்தான் போகும். புதைத்த பணத்தைத் தேடி அலைகிற குடும்பத்தையும் பார்த்தாயிற்று. அலை ஏறியதும் அவர்கள் அடையாளம் வைத்திருந்த சிப்பி நகர்ந்துவிட்டது.

போனிலேயே பணம் செலுத்துகிறேன். கடற்கரையில் அது மட்டும் போதுமா?

ஈர விரலுக்குத் திரை சரியாக இயங்காது, கைரேகை எடுக்காது, வெயிலில் சூடேறிய போன் தானாக அணைந்துகொள்ளும். நீர்புகாப் பைக்குள் இருக்கும்போதும் மெஷினில் தட்டிச் செலுத்த முடியும், ஆனால் அதற்கு முன் பூட்டைத் திறக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். பின் எண்ணால் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டையாவது கூடவே வையுங்கள்.

டிராம், படகு, பேருந்துகளில் கார்டைத் தட்டி ஏறும் நகரங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கார்டும், அதே கார்டைச் சேர்த்துள்ள போனும், கணினிக்கு இரண்டு வெவ்வேறு பயணிகள். கார்டைத் தட்டி ஏறி போனைத் தட்டி இறங்கினால் இரண்டுக்கும் தனித்தனியாக அதிகக் கட்டணம் விழலாம், ஒரு நாளில் இதற்கு மேல் எடுக்க மாட்டோம் என்ற உச்ச வரம்புக்கும் இரண்டும் சேர்ந்து கணக்காகாது. எதில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். ஒரு கார்டைக் குடும்பமே பங்கு போட முடியாது என்பதும் இதனால்தான்.

வெளிநாட்டில் ஓடிபி வரவில்லை. என்ன செய்வது?

ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டிருப்பீர்கள். ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் போகும். படகு டிக்கெட்டை இணையத்தில் வாங்கக் கடைசி நிமிடத்தில் உட்காரும்போதுதான் இது தெரியும். இரண்டு சிம் போடும் போன் என்றால் ஊர் எண்ணைக் குறுஞ்செய்திக்கு மட்டும் உயிரோடு வையுங்கள், டேட்டாவுக்கு இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) போதும். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். முக்கியமான டிக்கெட்டுகளை வீட்டிலிருந்தே வாங்கிவிடுவது இன்னும் எளிது.

பணமும் கார்டும் கடல் நீரில் நனைந்துவிட்டன. போச்சா?

போகவில்லை. கார்டை நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு காய்ந்து சிப்பின் மேல் படிந்தால்தான் மெஷின் படிக்க மறுக்கும். மணல் ஒட்டியிருக்கும்போது துடைத்தால் கீறல் விழும், முதலில் அலசல், அப்புறம் துடைப்பு.

காகித நோட்டுகளைப் பிரிக்கும்போது கிழியும், அவசரப்படாதீர்கள். அதையும் நல்ல தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றாக உரித்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். ஆஸ்திரேலியா 1988இல் முதன்முதலாக வெளியிட்ட பிளாஸ்டிக் வகை நோட்டுகள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, சூடுதான் ஆகாது. ஹேர் டிரையரையும் இஸ்திரிப் பெட்டியையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், சுருங்கிவிடும். நோட்டு கிழிந்தேவிட்டால் பெரிய துண்டைப் பத்திரப்படுத்துங்கள். யூரோ நோட்டு என்றால், பாதிக்கு மேல் கையில் இருந்தால் அந்நாட்டு மத்திய வங்கி மாற்றித் தரும்.

மீதி வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

முதல் நாள் இரவு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டையும் நாணயத்தையும் ஒருமுறை பரப்பிப் பாருங்கள். இருட்டில், நடைபாதைக் கடையில், கூட்டத்துக்கு நடுவில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

பணம் மாறிய நாடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்றும், பல்கேரியா 2026 ஜனவரி 1 அன்றும் யூரோவுக்கு மாறின. இரண்டுமே கடற்கரைக்காக மக்கள் போகும் நாடுகள். பழைய குனா, லெவ் நோட்டு மீதியாக வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

ஏடிஎம் தரும் பெரிய நோட்டைச் சின்னக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதைச் சூப்பர் மார்க்கெட்டில் உடையுங்கள்.

பில்லில் உள்ள எண்களே குழப்புகின்றன.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 1,50 என்றால் ஒன்றரை. ஆனால் குவைத், பஹ்ரைன், ஓமன் பணத்தில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும். அங்கே 1.500 என்பதே ஒன்றரைதான்.

டிப்ஸ்?

பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்ந்திருந்தால் விட்டுவிடலாம். கார்டு மெஷின் தானாகச் சதவீதம் காட்டிக் கேட்டாலும் பூஜ்யத்தை அழுத்த உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் ரொக்கமாக, நேராகக் கையில்.

கார்டு தொலைந்துவிட்டது. முதலில் என்ன?

வங்கி ஆப்பில் கார்டைத் தற்காலிகமாக முடக்குங்கள். ரத்து செய்ய அவசரம் வேண்டாம். துண்டின் மடிப்பில் கிடைத்துவிட்டால் திரும்பத் திறக்கலாம், ரத்தானது திரும்பாது. பையோடு போனும் போயிருந்தால் வங்கிக்கு அழைக்க வேண்டும், அந்த எண்ணோ தொலைந்த கார்டின் பின்புறத்தில் அச்சடித்திருக்கும்! ஒரு தாளில் எழுதி பெட்டகத்தில் வையுங்கள். திருட்டு என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பயணக் காப்பீட்டுக்குக் கேட்பார்கள்.

நண்பர்கள் சேர்ந்து போகிறோம். கணக்கு எப்படி?

பொதுப் பர்ஸ். ஆளுக்கு ஒரே தொகை போட்டு, ஒருவர் கையில் கொடுத்து, எல்லாப் பொதுச் செலவும் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி எல்லோரும் போடுங்கள். ஆப்பில் வரவு வைக்கிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் நாள் நிறுத்திவிடுவார்கள். குடிக்கிறவர் செலவைக் குடிக்காதவர் தலையில் கட்டக் கூடாது, அதற்குத் தனிப் பர்ஸ்.

மீந்த பணத்தை என்ன செய்வது?

நோட்டை மாற்றலாம், நஷ்டத்தோடு. நாணயத்தை அனேகமாக எந்தக் கவுண்டரும் வாங்காது. கடைசி நாள் ஹோட்டல் பில்லைக் கட்டும்போது, பையில் உள்ள சில்லறை முழுவதையும் மேசையில் கொட்டி எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதிக்குக் கார்டை நீட்டுங்கள். வரவேற்பில் இருப்பவர் எண்ணச் சலித்துக்கொள்வார். அதற்காகக் கிளம்பும் அவசரத்தில் இல்லாமல், முந்தைய நாள் மாலையே போய் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஸ்டேட்மென்டை இரண்டு முறை பாருங்கள், வந்ததும் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. பணம் செலுத்திய அன்று ஆப்பில் தெரிந்த தொகை தற்காலிகமானது. கணக்கில் ஏறும் நாளின் விகிதத்தால் அது சற்று மாறலாம், அதில் தவறில்லை. ரத்து செய்த படகுப் பயணத்துக்குத் திரும்ப வந்த பணமும் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருப்பது இதே காரணத்தால்தான். வாடகைக் கார் நிறுவனம் பார்க்கிங் அபராதம் என்று இரண்டு மாதம் கழித்து எடுப்பதும் உண்டு. அதுவரை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது வெயிலில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.